அண்ணன் பங்குக் காடு

தன் காட்டை அழிக்க எந்தப் பக்கமாக இறங்கலாம் என்று புல்டோசர்காரனுக்குத் திருவேங்கடம் கைகாட்டிக்கொண்டிருந்தபோது தம்பி செத்த சேதி வந்தது. நாளைக்கு வரச் சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பினார். இன்றைக்குப் பார்த்துத்தானா கன்னியப்பன் போகவேண்டும் என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. அழுகை வரவில்லை.

அப்பன் விட்டுப்போன புதர்க்காட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள். கன்னியப்பன் அப்போதே தன் பாதியை வேரோடு பெயர்த்துச் சவுக்கு வைத்தான். அண்ணனையும் வைக்கச் சொன்னான். அவன் சொன்னான் என்பதற்காகவே இவர் வைக்கவில்லை. சவுக்கு வியாபாரிகளை நம்பவும் இல்லை. மாமல்லபுரத்தில் ஓட்டல் மேல் ஓட்டலாகக் கட்டினார்கள். சாரம் கட்டத் தம்பியின் கழிகள் லாரி லாரியாகப் போயின. மாடிவீடு வந்தது, டிராக்டர் வந்தது. இவர் காட்டில் முயலும் முள்ளும்தான். பொறாமை என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று தம்பி வீட்டுப்பக்கம் போவதையே நிறுத்தியிருந்தார்.

இப்போது அந்த மாடிவீட்டு வாசலில், புதுப்பட்டினத்திலிருந்து வந்த கண்ணாடிப் பெட்டிக்குள் தம்பி குளுகுளுவென்று படுத்திருந்தான். நான் செத்தால் மரபெஞ்சுதான் என்று நினைத்துக்கொண்டார்.

தம்பி பெண்சாதி சந்திரம்மா கிட்டே வந்தாள்.

"மாமா, என்னிய எரிக்காதீங்கன்னாரு. ஒங்க காட்டுல பொதைக்கச் சொல்லிகினே இருந்தாரு."

"அவனுக்கு நெலம் இல்ல? செத்தும் என் காட்டுல பங்கு கேக்குறானா?"

"சவுக்கு வெட்டுனப்பறம் அங்க மொட்டத்தரதான கீது. கெணறும் வத்திப்போச்சி. ஒங்களுக்குத் தெரியாம ஒங்க காட்டுல போயி குந்திகினு இருப்பாரு. எங்கண்ணன் கெட்டிக்காரன்டி, காட்ட வெச்சிகினான்னு வயிறெரிவாரு."

திருவேங்கடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். இதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பெட்டிக்குள் இருக்கிறவனைக் கேட்கவும் முடியாது. சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

குழி வெட்டுகிற ஏசுதாஸைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார். தம்பி உட்கார்ந்த இடம் பார்த்ததுமே தெரிந்தது. வீரை மரத்தடியில் சருகு அழுந்திக் கிடந்தது, சுற்றிலும் பீடித்துண்டுகள். காட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். இத்தனை வருஷத்தில் இவர் அங்கே ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.

"பெரியவரே, நாளிக்கு வண்டி வந்து காட்டையே பேத்துடுமே. அப்பறம் குழி இன்னா ஆவும்?" என்றான் ஏசுதாஸ்.

அவன் பீடித்துண்டுகளை ஒதுக்கிவிட்டு மண்வெட்டியை ஓங்கினான்.

"அங்க இல்ல. அப்பால தள்ளித் தோண்டு."

"அவரு குந்துன எடம் இதான?"

"தள்ளித் தோண்டுன்றேன்."

குழி முடிகிறவரைக்கும் திருவேங்கடம் அந்த மரத்தடியை விட்டு நகரவில்லை. ஏசுதாஸ் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில், துண்டால் சருகைத் தட்டிவிட்டு மல்லாந்து படுத்துக் காலை நீட்டிப் பார்த்தார். நிழல் பாதம் வரைக்கும் வந்தது.