நாற்பதுக்குப் பதினேழு

ஐந்து, ஐந்து, நான்கு, மூன்று. வியாழக்கிழமை வெளியாகும் பத்திரிகையில் எங்கள் வீடியோ கேமுக்கு நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்துக்குப் போட்ட மதிப்பெண்கள் இவை. மூன்று போட்ட மகானுடைய பெயர் கபுராகி. நாலே வரியில் எழுதியிருந்தார். "சுடத் தோட்டா இல்லை, ஓட வழி இல்லை. இதைச் செய்தவர்களாவது ஒருமுறை முடித்துப் பார்த்தார்களா என்று கேட்க ஆசை." பக்கத்தில் அவருடைய கேலிச்சித்திர முகம் வேறு சிரித்துக்கொண்டிருந்தது. பேனாவால் அதற்குக் கொம்பு வரைந்தேன். வயது இருபத்தெட்டு ஆகியும் அதில்தான் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

'செங்குளவி' என்பது ஆட்டத்தின் பெயர். சிவப்புக் கவசம் போட்ட ஒருத்தியை அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தபடி நடத்திப்போக வேண்டும். எதிரே கொலைகார இயந்திரங்கள், அவள் கையில் ஒரு துப்பாக்கி. தோட்டா தீர்ந்துவிட்டால் எதிரியை நோக்கி உருள வேண்டும், அப்போதுதான் நிரம்பும். பின்னால் உருண்டால் ஒன்றும் கிடைக்காது. இந்த விதியை யோசித்தவள் நான். இயந்திரங்களின் வேகத்தையும் குறியையும் நிர்ணயித்தவளும் நான்தான். ஆகவே அந்தப் பதினேழு முழுக்க என் பதினேழு.

ஆட்டப் பெட்டிக்குள் ஒரு கருத்து அட்டை வைப்பது எங்கள் ஊர் வழக்கம். வயது, தொழில், பிடித்தது, பிடிக்காதது எல்லாம் எழுதி வாங்கியவர்கள் தபாலில் அனுப்புவார்கள். இரண்டாவது வாரம் ஒசாகாவில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு அட்டைகள் கட்டுக்கட்டாக வந்து விழுந்தன. கோபேயைச் சேர்ந்த பல் வைத்தியர் ஒருவர், மூன்றாம் கட்டத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தன் கடைவாய்ப் பல்லே விரிசல் விட்டதாக எழுதியிருந்தார். அகிதாவிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் இருநூற்றுப் பன்னிரண்டு முறை செத்ததாகக் கணக்குக் காட்டி, அதில் எழுபது தன் தப்பு, மீதி எங்கள் தப்பு என்று பாகம் பிரித்திருந்தார். ஒரு கல்லூரி மாணவியின் அட்டையில் ஒரே வார்த்தை. "ஏன்?"

எங்கள் முதலாளி குராமிட்சு அந்த அட்டையை மட்டும் தன் மேசையில் நிறுத்தி வைத்துக்கொண்டார். ரோஷக்காரர். கபுராகி கேட்ட கேள்விக்குப் பதிலாக, நிப்போன்பாஷியில் இருக்கும் ஒரு கேம் கடையில் சனிக்கிழமை மதியம் நாங்களே எல்லோர் முன்னாலும் ஆடி முடித்துக் காட்டுகிறோம் என்று அறிவித்துவிட்டார். கபுராகியையும் அழைத்தார். அறிவித்த பிறகுதான் யோசித்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நுகுயி, அங்க மூக்கு உடைஞ்சா இந்தக் குழுவைக் கலைச்சிடுவேன். கைபேசிக்கு ஒரு மீன் பிடிக்கிற ஆட்டம் கேட்டு வந்திருக்காங்க. நீ தக்கை எப்படி மிதக்குதுன்னு பாத்துக்கலாம்."

தக்கை. எட்டு வருட உழைப்புக்கு நான் போய்ச் சேரப்போகிற இடம் தண்ணீரில் ஆடும் தக்கை. சனிக்கிழமைக்கு இருந்த மூன்று நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை கடை பிதுங்கியது. மாடிப்படி வரைக்கும் ஆட்கள். முன்வரிசையில் கபுராகி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சித்திரத்தில் இருப்பதைவிட ஒல்லி, முகத்தில் மட்டும் அதே சிரிப்பு. எங்களுக்கு மூன்று வாய்ப்பு என்று பேச்சு. முதலில் குராமிட்சு ஆடினார். மூன்றாம் கட்டத்தில் செத்தார். கூட்டம் மரியாதையாகக் கைதட்டியது, அது திட்டுவதைவிட மோசம். அடுத்தது நான். ஒவ்வொரு இயந்திரமும் எப்போது திரும்பும், எப்போது சுடும் என்று எனக்கு மனப்பாடம். நான் பெற்ற பிள்ளைகள்தானே. ஆனால் ஐந்தாம் கட்டத்தில் கை வேர்த்து விசை வழுக்கியது. பெற்ற பிள்ளைகளே என்னைப் போட்டுத்தள்ளின.

"வேற யாரும் இல்லையா?" என்று கபுராகி கேட்டார்.

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா?"

குரல் எங்கள் பின்னாலிருந்து வந்தது. ஹொஸுமி. ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி. எங்கள் அலுவலகத்தில் பென்சில் தருவது, வருகைப் பதிவு பார்ப்பது, விளக்கு மாற்றச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. தோற்றால் மன்னிப்புக் கேட்டுக் கபுராகிக்குக் கொடுக்கப் பலகாரப் பெட்டி ஒன்றைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வேறு எதற்காகவும் வரவில்லை.

குராமிட்சு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்திடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டார். இவர் எங்கள் அலுவலகத்திலேயே மந்தமான கை, வேடிக்கைக்காக ஆடுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. எங்களிடம் ஒரு முறை உண்டு. ஆட்டத்தின் கடினத்தை அளக்க அலுவலகத்திலேயே ஆடத் தெரியாத ஒருவரை உட்காரவைப்போம். செங்குளவிக்கு அந்த அளவுகோல் ஹொஸுமி. வெள்ளிக்கிழமை தவறாமல் அரைமணி நேரம் ஆடுவார். முதல் நாள் கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவர் திணறினால் நான் இயந்திரங்களின் வேகத்தைக் குறைப்பேன். சுலபமாகத் தாண்டிவிட்டால் வாங்குபவர்களுக்குச் சலிக்குமே என்று கூட்டுவேன். இப்படியே பதினான்கு மாதம் குறைத்தேன், கூட்டினேன். கூட்டியதுதான் அதிகம்.

ஹொஸுமி பலகாரப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் இயந்திரம் வந்தது. "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி அதன் காலடிக்கே உருண்டு போய்ச் சுட்டார். அடுத்தது வந்தது. "கொஞ்சம் மன்னிச்சுக்குங்க." நெரிசலான ரயிலில் இறங்குகிறவர் போல எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டபடி நேராக அவர்கள் நடுவில் புகுந்து புறப்பட்டார். துப்பாக்கி ஒரு நொடி கூடக் காலியாகவில்லை. இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். நான்காம் கட்டத்தில் கூட்டத்தில் யாரோ அவருடன் சேர்ந்து தோளைச் சாய்க்க ஆரம்பித்தார்கள். நான் செத்த இடத்தை அவர் தாண்டியபோது மாடிப்படி முழுக்க இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. குராமிட்சுவின் வாய்க்குள் ஈ போயிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஹொஸுமிக்கு இதுதான் வாழ்க்கையில் முதல் ஆட்டம். சுவருக்குப் பின்னால் ஒளிய வேண்டும், தூரத்திலிருந்து சுட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இருபது வருடம் ஆடியவர்களின் கை பயத்தில் தானாகப் பின்னால் போகும். இவர் கைக்குப் பின்னால் போகவே தெரியாது. பதினான்கு மாதமாக எங்கள் கண்முன்னால் ஒரு பூதம் வளர்ந்திருக்கிறது. அதை அலுவலகத்திலேயே மந்தமான கை என்று சொல்லிக்கொண்டு, அதன் வேகத்துக்கு ஊர் முழுக்க ஆடச்சொல்லியிருக்கிறோம்.

கடைசி இயந்திரம் வெடித்தது. கூட்டம் எழுப்பிய சத்தத்தில் அலமாரியிலிருந்து பெட்டிகள் சரிந்தன. அகிதா லாரி ஓட்டுநர் அங்கே இருந்திருந்தால் ஹொஸுமியைத் தோளில் தூக்கியிருப்பார். குராமிட்சு துள்ளிக் குதித்தார், குதித்த வேகத்திலேயே முகம் வெளுத்தார். அவருக்கும் விளங்கிவிட்டது.

ஹொஸுமிக்கும்தான். எழுந்து நின்று கூட்டத்தை நோக்கி இடுப்பு வரை குனிந்தார். "அப்போ என்னை வச்சு அளந்ததாலதான் இவ்வளவு பேர் கஷ்டப்பட்டாங்களா?"

"இவங்களை வச்சா அளந்தீங்க?" என்று கபுராகி என்னிடம் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்கு முதலில் ஒரு செருமல் வந்தது, பிறகு விக்கல் போல ஒன்று, பிறகு சிரிப்பு பீறிட்டு அவர் கடைச்சுவரில் சாய்ந்துவிட்டார். கடையே சிரித்தது. என் மூன்று நாள் பட்டினியும் சேர்ந்து சிரித்தது. பலகாரப் பெட்டியை அங்கேயே பிரித்து எல்லாரும் தின்றோம்.

கபுராகி தின்றுமுடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, தானும் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். முதல் கட்டத்திலேயே பின்னால் உருண்டு செத்தார்.

"பின்னாடி போகாதீங்க. அவங்க கிட்ட போனாத்தான் தோட்டா" என்றார் ஹொஸுமி பக்கத்தில் குனிந்து.

"தெரியும்மா. கை கேக்க மாட்டேங்குது."

மறுபடி செத்தார். முதல் இயந்திரத்தைப் பார்த்ததும் கட்டைவிரல் தானாகப் பின்னால் இழுத்தது. எனக்கு மனதுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. தயங்கினால் கேட்க மாட்டேன் என்று தெரிந்து உடனே கேட்டேன்.

"சார், அடுத்த ஆட்டத்துக்கு நீங்க வரீங்களா? வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் போதும். எங்களுக்கு நெஜமாவே ஆடத் தெரியாத ஒருத்தர் வேணும்."

குராமிட்சு என் முதுகில் விரலால் குத்தினார். அடுத்த ஆட்டம் என்று ஒன்று இருப்பதாக அவர் இன்னும் சொல்லவே இல்லை. பத்திரிகையில் பக்கம் வைத்திருக்கும் மனிதரிடம் முகத்துக்கு நேராக இப்படிக் கேட்டுவிட்டேனே என்று எனக்குக் காது சூடாகியது.

கபுராகி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு மூணுதான். மாத்த மாட்டேன்" என்றார். நான் சரி என்றேன். பிறகு அவர் செத்தார். கடைக்காரர் வந்து, மணி நாலாகிறது, வரிசையில் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்று பணிவாகச் சொல்லிக் கைப்பிடியை வாங்கக் கை நீட்டினார். கபுராகி அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ" என்றார்.

குராமிட்சு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகில் வந்து, திங்கள்கிழமை மீன்காரர்களுக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிடு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படவில்லை, நன்றாகவே அழுதேன். கபுராகி அதற்குள் மறுபடி செத்திருந்தார்.

"யாரும் தொடாதீங்க" என்றார் திரும்பாமல். "இன்னும் ஒரே ஒரு தடவ."