ஏழு மணி மாத்திரை

ஸ்கூல் கேட்ல புது டீச்சர் என் மக லோஷினிகிட்ட, "பாட்டி வந்துட்டாங்க, ஓடு"ன்னு சொன்னாங்க. எனக்கு முப்பத்தெட்டு வயசுதான் லா! மறுநாளே இந்த எட்டு வயசுக் குட்டி, "அம்மா, என்னைத் தெரு முனையிலேயே இறக்கி விட்டுடு"ன்னுச்சு. என்கூட வர வெக்கமாம்!

ஆறு வருசமா பாசிர் கூடாங் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட். கண்ணுக்குக் கீழ கறுப்பு, கன்னமெல்லாம் சுருக்கம். பின்ன எப்படி இருக்கும் முகம்? கூட வேலை செய்யற ஞானேஸ்வரிதான் சொன்னா. "இருட்டுல தூங்கறப்பதான்டி உடம்புல மெலடோனின்னு தூக்கம் வரவைக்கிற சுரப்பு நல்லா ஊறும். தோலுக்கு அதுவும் ஒரு காவல். நமக்கு ஏது இருட்டு? ஜன்னலைக் கறுப்புத் துணி போட்டு மூடு. கொய்யா, பப்பாளி நிறைய தின்னு."

இதெல்லாம் பண்ணி என்னிக்கு முகம் தெளியறது? நான் ஆன்லைன்ல மெலடோனின் மாத்திரையே வாங்கிட்டேன்.

பகல்ல படுத்தா எங்க தூக்கம் வருது? வெயிலு, பக்கத்து வீட்டு டிவி. புரண்டு புரண்டு படுத்து உடம்பு வலிச்சதுதான் மிச்சம். மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும்னு போட்டிருந்துச்சு. ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் ஃபேக்டரியிலேயே முழுங்கிட்டா? மாசாய்ல இருக்கற வீட்டுக்கு வந்து, லோஷினியை மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் ஸ்கூல்ல விட்டுட்டு, வந்ததும் படுக்கையில விழலாம். ஒரு நிமிசம் வீணாகாது. அவ அப்பா விடியறதுக்கு முன்னாடியே சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிடுவாரு, கேக்க ஆளில்ல. பெரிய புத்திசாலி நானு!

ரெண்டு நாள் அப்படியே போச்சு. ஆனா பின்னாடி உக்காந்துக்கிட்டு இவ என் இடுப்பை நறுக்கு நறுக்குனு கிள்ளிக்கிட்டே வந்தா. நேத்து கத்திட்டேன். "இன்னொரு வாட்டி கிள்ளினே, கை இருக்காது பாத்துக்க!"

இன்னிக்குக் கிள்ளல. பரவால்ல, புத்தி வந்துடுச்சேன்னு நினைச்சது ஞாபகம் இருக்கு.

அப்புறம் பாத்தா ரோட்டோரப் புல்லுல மோட்டார் கிடக்குது. லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சுட்டுப் போகுது. அலமாக்! லோஷினியை இழுத்து வச்சு தலை, கை, கால்னு தடவித் தடவிப் பாத்தேன். முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான். சாமி புண்ணியம்.

ஓடி வந்த மலாய்க்காரர் ஒருத்தர், "பாட்டி, பேத்திக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு மலாய்ல கேட்டாரு. எனக்குக் கோபமே வரல. பிள்ளை முழுசா இருந்தா போதும், பாட்டியா இருந்தா என்ன?

"அவங்க என் அம்மா"ன்னு லோஷினிதான் வெடுக்குனு சொன்னா.

மோட்டாரைத் தள்ளிக்கிட்டே ரெண்டு பேரும் நடந்தோம். முனை வந்துச்சு. "போ, இங்கிருந்து நீயே போயிடுவல்ல"ன்னேன். அவ நகரல.

"நீ தூங்கிடறேம்மா. தினமும். அதான் கிள்ளினேன். நேத்து திட்டினே, அதான் இன்னிக்குக் கிள்ளல."

அவ என் சட்டையைப் புடிச்சுக்கிட்டா.

"திரும்பிப் போறப்ப உன்னை யாரும்மா கிள்ளுவா?"