பரணில் இருந்த இரட்டைக்குழல்

தேர்தல் வருகிறது, வீட்டிலுள்ள துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று கான்ஸ்டபிள் விஸ்வநாத், லோத்குண்டாவில் இருந்த அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவர் வீடு மாறி வந்துவிட்டதாகவே ஷெர்லி நினைத்தாள். எங்கள் வீட்டில் துப்பாக்கி ஏது என்றாள். லைசென்ஸ் ஜெயகரன் பெயரில் இருக்கிறது, ஒவ்வொரு தேர்தலுக்கும் அவரே ஆட்டோவில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிப்போவார் என்றார் அவர். ஷெர்லியின் அப்பா ஜெயகரன் ஈஸ்டருக்கு முன்னால்தான் இறந்திருந்தார்.

உள்ளே படுத்திருந்த அம்மா ஆக்னஸ் குரல் கொடுத்தாள். "பரண்ல பாரு. கிறிஸ்துமஸ் குடில் சாமானுக்குப் பின்னால."

நீளமான அட்டைப்பெட்டி. கம்பெனி லேபிள்கூடக் கிழியவில்லை. உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் குழல் தனியாக, கட்டை தனியாக இருந்தன. விஸ்வநாத் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதில் ஒரு தோட்டாகூட வெடித்ததில்லை என்றார். லேபிளில் 1991 என்று போட்டிருந்தது.

அந்த வருஷம் ஷெர்லிக்குப் பத்தொன்பது வயது. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவதில் மாநிலத்தில் முதலாவதாக வந்து, தேசியப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். சொந்தத் துப்பாக்கி வேண்டியிருந்தது. வாங்கித்தர முடியாது என்று அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதோடு அவள் சுடுவதை விட்டாள். அவரோடு பேசுவதையும் ஏறக்குறைய விட்டாள்.

"வாங்கிட்டுத்தான் வந்தார்," என்றாள் ஆக்னஸ். "அப்ப உனக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருந்தோம். துப்பாக்கி புடிக்கிற பொண்ணு நக்கோ, வேணாம்னுட்டாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கினேன்."

அந்தக் கல்யாணம் நிச்சயத்தோடு நின்றது. பிறகு எதுவும் அமையவில்லை.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"அவர் சொல்லிடலாம்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தார். நான் விடல."

குழலைக் கட்டையில் பொருத்த ஷெர்லிக்கு மறந்துபோயிருந்தது. விஸ்வநாத்தான் பொருத்திக் கொடுத்தார். தோளில் வைத்து ஜன்னல் பக்கம் குறிபார்த்தாள். வலது கண் பார்வை க்ளாகோமாவில் போய்ப் பல வருஷமாகிறது. குழலின் முனையே தெரியவில்லை.

வாரிசு பெயருக்கு லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம் என்றார் அவர். வேண்டாம், நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஜீப் போனபின் கதவைச் சாத்தினாள். கத்த வேண்டும் போலிருந்தது. அம்மாவுக்கு எண்பத்துமூன்று வயது. கட்டிலிலிருந்து எழுப்பி உட்காரவைக்க ஷெர்லியை விட்டால் ஆளில்லை.

எழுப்பி உட்காரவைத்தாள். தோசையைப் பிய்த்து ஊட்டினாள். அம்மா தண்ணீர் கேட்டாள். அதையும் கொடுத்தாள்.