பௌத்தர்: மூன்று

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் அட்டவணை சரிபார்த்தவனுக்கு எண்களின் மேல் பிரியம் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். பிரியமாவது மண்ணாங்கட்டியாவது! எண்ணைக் கண்டாலே அவனுக்குக் கண் எரிந்தது. அந்த மாதம் மத அட்டவணை வேறு. அறுபத்து மூன்று ஊர்கள், ஊருக்கு ஒரு வரி, மதத்துக்கு ஒரு கட்டம்.

பௌத்தர் கட்டம் பெரும்பாலும் பூஜ்யம். சீனா, ஜப்பான், தாய்லாந்து, பர்மா என்று உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பிறந்த வீடான இந்தியாவில் மட்டும் பங்கு குறைச்சல். இந்தப் பக்கம் அந்தக் காற்றே அடிக்கவில்லை. அவனுடைய சொந்த ஊருக்கு நேரே மூலப் பட்டியலில் ஒன்று என்று இருந்தது. யார் அந்த ஒன்று என்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவன் பேனாவை வாங்கித்தான் அக்கா படிவத்தை நிரப்பியிருந்தாள்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் உழைத்தவள். அங்கே வேலை பார்த்த பர்மாக்காரி ஒருத்தி மதியம் சாப்பிட்டதும் துணி உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால் போய்ப் பத்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் தியானத்தில் உட்காருவாள். "என்னடி, தூங்குறியா?" என்று கேட்கப் போன அக்கா, ஆறு வருஷம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பர்மாக்காரி ஊருக்குத் திரும்பினாள். அக்கா புருஷன் செத்துப்போனார். அக்கா வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

இனி அந்த எண்ணின் கதை. ஓர் ஊரில் ஒரே ஒரு பௌத்தர் என்று அச்சடித்தால் அது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் ஒன்றும் இரண்டும் அப்படியே அச்சாகக் கூடாது என்பது விதி. கணினி சீட்டுக் குலுக்கிப் போட்டு அவற்றைப் பூஜ்யமாக்கும், இல்லையென்றால் மூன்றாக்கும். அக்காவுக்கு மூன்று விழுந்தது. தம்பிக்காரன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

அச்சான புத்தகத்தை நூலகத்தில் பார்த்துவிட்டு அக்கா மூச்சிரைக்க அவன் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"டேய், மூணு பேருடா! இந்த ஊருல என்னைச் சேத்து மூணு பேரு!"

அவன் வாயைத் திறந்தான். அடிக்குறிப்பில் விதி பொடி எழுத்தில் இருந்தது. அதை எழுதியவனே அவன்தான்.

"தனியா உக்காந்தா கடிகாரச் சத்தம்தான்டா கேக்குது. பக்கத்துல ஒருத்தர் மூச்சு விடுற சத்தத்தக் கேட்டு எத்தன வருஷமாச்சு தெரியுமா? ஞாயித்துக்கெழம ஸ்கூட்டர எடு. தேடுவோம்."

திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான். இல்லாத ரெண்டு பேரைத் தேட, இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் வண்டி ஓட்டினான். என்ன கொடுமை பாருங்கள்.

முதல் ஞாயிறு அழகு நிலையம். வாசலில் புத்தர் சிலை இருந்தது. "அது அழகுக்கு வெச்சதும்மா, அடுத்த மாசம் நீரூற்று வெக்கப்போறோம்" என்றாள் கடைக்காரி. அடுத்த ஞாயிறு சீனச் சாப்பாட்டுக் கடை. சமையல்காரர் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "சீனான்னா பௌத்தமா? நான் சர்ச்சுக்குப் போறவன்மா. இன்னிக்கு உங்களாலதான் லேட்டு." மூன்றாவது ஞாயிறு, அடுக்குமாடியில் மொட்டைத்தலை மனிதர் ஒருவர் தனியாக இருக்கிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி ஏறிப் பார்த்தால் அவருக்குப் பரம்பரை வழுக்கை.

இறங்கும்போது இரண்டாம் மாடியில் அக்காவின் முட்டி மடங்கிவிட்டது. படியிலேயே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் ஸ்டேஷன் பக்கம் பாக்கலாம்டா."

"போதும்க்கா. யாரும் இல்ல."

"இன்னும் பாதி ஊரு பாக்கலையே."

"முழு ஊரையும் சல்லடை போட்டாலும் நீ ஒருத்திதான்." அவன் விதியைச் சொன்னான். 

அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள். "மூணு வாரமா தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா கூட வந்த?"

"உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல வரலக்கா."

அவள் திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் இரண்டு படி கீழே சுவரில் சாய்ந்து நின்றான்.  யாரோ காய்கறிப் பையோடு மேலே போனார்கள், இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"டேய்" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒண்ண மூணாக்குவீங்க. ஒண்ண பூஜ்யமாவும் ஆக்குவீங்களா?"

"ஆக்குவோம்."

"அப்ப பூஜ்யம்னு போட்ட ஊருலயும் என்னை மாதிரி ஒருத்தர் இருக்கலாமில்ல? புத்தகத்தப் பாத்துட்டு, நமக்குத்தான் யாருமே இல்லன்னு நெனச்சுக்கிட்டு?"

இருபத்தாறு வருஷத்தில் ஒருவரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எத்தனை பூஜ்யத்துக்குக் கண்ணெரிச்சலோடு கையெழுத்துப் போட்டிருப்பான்! இந்த முறை ஐம்பத்தெட்டு. அதில் ஒரே ஓர் ஊருக்கு மூலப் பட்டியலில் ஒன்று இருந்தது. எந்த ஊர் என்பது அவனுக்குத் தெரியும். அரைமணி நேரப் பயணம். மூல எண்ணைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே உறுதிமொழி எழுதிக் கொடுத்தவன் அவன். மீறினால் வேலை போகும், ஜெயில்கூட உண்டு.

அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தை அவனுடைய தொட்டில் காலத்திலிருந்து படித்தவள்.

"இருக்குது" என்றாள் மெதுவாக. "சொல்லாத. நான் கேக்கவும் மாட்டேன். நீ என்னை வீட்டுல எறக்கிவிட்டா ஒரு வார்த்தை பேசமாட்டேன். வண்டி வேற எங்கயாவது போச்சுன்னா ஊர்ப் பலகையக்கூட பாக்கமாட்டேன். அங்க ஆளத் தேடுறது என் பாடு."

அவன் அவள் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்து, ஸ்கூட்டரில் உட்காரவைத்தான். நாற்சந்தியில் விளக்கு சிவப்பு. நேரே போனால் வீடு. நாளை திங்கட்கிழமை, அதே நாற்காலி, அதே கையெழுத்து. பச்சை விழுந்தும் அவன் நகரவில்லை, பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திக் கத்தினான்.

தம்பிக்காரன் இடது பக்கம் திரும்பினான். நகர எல்லை தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தான். அக்கா சொன்ன சொல் தவறாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தாள்.