பானெட் ஆறும்வரை

ஹால்வர் பிரெக்கே டிரக்கைச் சுற்றிப் பார்க்கவில்லை. டயரை உதைக்கவில்லை, கதவைத் திறந்து மூடவில்லை. நேராகப் போய் வலது உள்ளங்கையைப் பானெட்டின் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்காமலே சொன்னார்: "சூடா இருக்கு."

இரண்டடி பின்னால் நின்ற தங்கை ரக்னா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டாள். பானெட் ஏன் சூடாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். டிரக்கை விற்க வந்த எமெட் புரூயிட்டுக்கும் தெரியும். தெரியாதவர் அண்ணன் ஒருவர்தான்.

"வெயிலுங்க பெரியவரே," என்றான் எமெட். "ஆகஸ்ட் மாசம்ல?"

"வெயில் மேலேர்ந்து சுடும். இது கீழேர்ந்து சுடுது." ஹால்வர் கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "நேத்து போன்ல என்ன சொன்னேன்?"

"ராத்திரியிலேர்ந்து எஞ்சினைத் தொடக்கூடாது, பத்து மணிக்கு வருவேன்னு சொன்னீங்க."

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

"நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க போனை வெச்சிட்டீங்க."

அது உண்மைதான். போனில் ஹால்வர் பேசுவார், கேட்கமாட்டார்.

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது பிரெக்கே வீட்டில் அப்பா காலத்திலிருந்து வரும் சட்டம். கனமான ட்ரெய்லரை ஏற்றத்தில் இழுத்து இழுத்து, இந்தப் பெரிய பெட்ரோல் எஞ்சின்களில் புகைக்குழாயைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒடிந்துபோவது உண்டு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் அந்த இடைவெளியில் டிக் டிக் என்று சத்தம் வரும். சூடேறினால் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடும், சத்தமும் அடங்கிவிடும். ஆகவே வாங்க வருகிறவன் வாசலுக்கு வருமுன் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வைக்கிறவன் எதையோ மறைக்கிறான். ஹால்வரைப் பொறுத்தவரை அவனுக்கு ஒரே பெயர்தான் உண்டு.

இந்த டிரக்கை விட்டால் வேறு வழியும் இல்லை. இரண்டு நாளில் சனிக்கிழமை, மாவட்டத் திருவிழா. அறுபத்தொரு வருடமாக அந்த ஊர்வலத்தின் முன்னால் போவது பிரெக்கே வீட்டு நான்கு கனத்த வண்டிக் குதிரைகள். ட்ரெய்லரும் குதிரைகளுமாக ஆறு டன். வீட்டிலிருந்த பழைய டிரக்கின் எஞ்சின் ஜூலையில் பிளந்து போயிற்று. அக்கம்பக்கத்தில் மூன்று பேர் தாங்கள் இழுத்துத் தருவதாகச் சொன்னார்கள். "அடுத்தவன் வண்டி பின்னால என் குதிரை போகாது," என்று ஹால்வர் மூன்று பேரையும் அனுப்பிவிட்டார். டீசல் வண்டியை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. மொன்டானாவின் ஜனவரியில் டீசல் தொட்டிக்குள்ளேயே கூழாகிவிடும், விலையும் இரட்டிப்பு. எட்டு சிலிண்டர், எட்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கைக்கு எட்டும் விலை என்று அறுபது மைல் சுற்றளவில் இருந்தது இந்தச் சிவப்பு டிரக் ஒன்றுதான். விற்கிறவன் புரூயிட் வீட்டான் என்பது மட்டுமே அதிலிருந்த குறை. வேலித் தகராறு ஒன்றில் அந்த வீட்டாரோடு ஹால்வர் பேச்சை விட்டு முப்பத்தெட்டு வருடம் ஆகியிருந்தது.

இனி காலையில் நடந்தது. பலகை மாற்றுவதற்காக டவுனில் விட்டிருந்த குதிரை ட்ரெய்லரை எடுத்துவர ரக்னா விடியற்காலையிலேயே சின்ன பிக்கப்பில் போயிருந்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார். இரவு பெய்த மழையில் அந்தப் பக்கத்துக் களிமண் சோப்பாகிக் கிடந்தது. புரூயிட் வீட்டுத் திருப்பத்தில் ட்ரெய்லர் ஒரு பக்கமாகச் சறுக்கி, பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு ஓரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. எமெட்டின் டிராக்டர் தூரத்து வயலில் நின்றது. கையில் இருந்தது இந்தச் சிவப்பு டிரக்தான்.

"பெரியவர் எஞ்சினைத் தொடாதேன்னிருக்காரே," என்று தயங்கினான்.

"இழு," என்றாள் ரக்னா. "இழுத்துட்டு, நடந்ததை யார்கிட்டயும் சொல்லாதே. பிரெக்கே வீட்டு ஆளுங்க பள்ளத்துல இறங்கினதே இல்லை. எங்க அண்ணன் வாராவாரம் சர்ச்சுல சொல்ற வார்த்தை அது."

எமெட் வாக்குக் கொடுத்தான். ரக்னா ட்ரெய்லரைக் கொண்டுபோய் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, பத்து மணிக்கு அண்ணனோடு திரும்பி வந்தாள். கொடுத்த வாக்கின் நடுவில்தான் இப்போது நின்றுகொண்டிருந்தான்.

"சரி," என்றார் ஹால்வர். "ஆறட்டும். நான் இருக்கேன்."

டிரக்கைத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டகை நிழலில் விட்டார்கள். ஹால்வர் ஒரு தீவன வாளியைக் கவிழ்த்து அதன்மேல், சர்ச் பெஞ்சில் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். எமெட்டின் மனைவி லவோன் நாற்காலி கொண்டுவந்தாள். அவர் அதைப் பார்த்தார், பார்த்ததோடு சரி.

அரைமணி நேரம் போனது. எமெட்டால் சும்மா இருக்க முடியவில்லை. தோட்டக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான்.

"டேய்!" ஹால்வர் வாளியிலிருந்து எழுந்தேவிட்டார். "காய்ஞ்ச இரும்புல பச்சைத் தண்ணி ஊத்துவியா? எஞ்சினைப் பிளக்கப் பாக்கறியா? உங்க அப்பன் உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையா?"

"சீக்கிரம் ஆறுமேன்னு பாத்தேன்."

"எனக்கு அவசரமில்லை."

அடுத்ததாகத் தானியக் கிடங்கு விசிறி வந்தது. ஆளைத் தூக்கும் அளவுக்குக் காற்று. டிரக்கின் மேல் விழுந்ததைவிட ஹால்வரின் தொப்பி மேல்தான் அதிகம் விழுந்தது. தொப்பி கோழிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. எமெட் ஓடிப்போய் எடுத்து, ஊதி, இரண்டு கையாலும் நீட்டினான்.

"விசிறியை நிறுத்து," என்றார் ஹால்வர்.

மதியம் லவோன் வறுத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மேசையில் வைத்துக் கூப்பிட்டாள். ஹால்வர் சாப்பிட்டாகிவிட்டது என்றார். காலை ஐந்து மணிக்குச் சாப்பிட்டதைத்தான் சொன்னார். அவர் போகாத மேசைக்கு ரக்னாவும் போக முடியாது. தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைப் பக்கம் மட்டும் போனாள்.

"ரக்னாம்மா," என்றாள் லவோன், "பூட்ஸ்ல சேறு போச்சா? அந்த மண்ணு சீக்கிரத்துல விடாதே."

ரக்னா கதவைச் சாத்தினாள். "உனக்கு யார் சொன்னது? உன் புருஷன் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்தானே!"

"பொண்டாட்டியும் அந்த யார்ல சேத்தியா?" லவோன் சிரித்தாள். "பயப்படாதீங்க. எங்க வீட்டுல போட்டது வெளியே போகாது. ஆனா உங்க அண்ணனுக்கு முன்னால எங்க ஆளு திருடன் மாதிரி நிக்கறான், பாத்தீங்கல்ல?"

ரக்னா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டு மணிக்கு ஹால்வர் மறுபடி பானெட்டைத் தொட்டார். வெதுவெதுப்பு மிச்சமிருந்தது. அவர் எமெட்டின் முகத்துக்கு நேரே நின்றார்.

"ஒரே ஒரு கேள்வி. காலையில இந்த வண்டியை எங்க ஓட்டினே?"

எமெட் ரக்னாவைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான். "அதை நான் சொல்ல முடியாதுங்க பெரியவரே."

"சொல்ல முடியாது?"

"முடியாதுங்க. வண்டியில குறை இருந்தா கேளுங்க, சொல்றேன். இதை மட்டும் கேக்காதீங்க."

"அப்போ எனக்குப் பதில் கிடைச்சிருச்சு." ஹால்வர் தொப்பியை அழுத்திக்கொண்டார். "ரக்னா, வா போகலாம். குதிரை கொட்டகையிலயே நிக்கட்டும். ஏமாத்துக்காரன் வண்டி பின்னால அது போகாது."

அறுபத்தொரு வருடம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோயிற்று. ரக்னா இரண்டடி நடந்தாள். எமெட் தலையைக் குனிந்துகொண்டு குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான். ஒரு சொல் பேசியிருந்தால் ஒன்பதாயிரத்து ஐந்நூறு டாலருக்கு டிரக் விற்றிருக்கும். அவன் பேசவில்லை. பிரெக்கே வீட்டு மானத்தைப் புரூயிட் வீட்டான் ஒருவன் சுமந்துகொண்டு நிற்கிறான், நாம் கையை வீசிக்கொண்டு போகிறோம் என்று அவளுக்குப் பட்டது. அப்படிப் போவதை வீட்டு மானம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அண்ணே, நில்லு," என்றாள். "ட்ரெய்லரைப் பள்ளத்துல இறக்கினது நான். காலையில. அவன் இந்த வண்டியாலதான் இழுத்துவிட்டான். சொல்லாதேன்னு நான்தான் வாயைக் கட்டினேன்."

ஹால்வர் திரும்பினார்.

"எந்தப் பள்ளம்?"

"இவங்க திருப்பத்துல இருக்கிற பள்ளம்."

"ட்ரெய்லர் காலியா?"

"காலிதான். ஆனா பிக்கப்பும் சேர்ந்து இறங்கிருச்சு. அச்சு வரைக்கும்."

"எத்தனை இழுப்பு?"

"ஒரே இழுப்பு," என்றான் எமெட். வாக்கிலிருந்து விடுபட்டவனின் குரல் அது. கொஞ்சம் உரக்கவே வந்தது.

ஹால்வர் பாதையில் நடக்க ஆரம்பித்தார். மூன்று பேரும் பின்னால் ஓடினார்கள். திருப்பத்துக்கு வந்ததும் அவர் பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டார். எழுபத்து மூன்று வயதில் அவர் மண்டியிட்டு ரக்னா பார்த்தது சர்ச்சில் மட்டும்தான். வெயிலில் காய்ந்து இறுகிய சக்கரத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ட்ரெய்லர் எங்கே சறுக்கியது, எங்கே சாய்ந்தது எல்லாம் மண்ணில் பதிந்திருந்தது. டிரக்கின் தடத்தை இன்னும் அதிக நேரம் பார்த்தார். அது நேராகப் போயிருந்தது. சக்கரம் சுழன்று மண்ணைக் கிளறிய அடையாளம் ஓர் இடத்திலும் இல்லை.

"ஒரு சக்கரம்கூட வழுக்கலையே," என்றார் தமக்குத்தாமே. பிறகு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் வடக்கால," என்றார்.

"என்ன வடக்கால?" என்றாள் ரக்னா.

"நான் இறங்கின இடம்."

ரக்னாவுக்குக் காது சரியாகத்தான் கேட்டது. இருந்தாலும் நம்பவில்லை.

"எண்பத்தாறு ஏப்ரல்ல. பனி உருகற சமயம். ட்ரெய்லர்ல ரெண்டு சினைக் குதிரை." ஹால்வர் எமெட்டைப் பார்த்தார். "உங்க அப்பன் கிளைட் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தான். யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். மறுநாள் ஊரே சிரிக்கும்னு நெனச்சேன். ஒருத்தனும் சிரிக்கல. அதுக்கப்புறம் அவன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு அந்தப் பள்ளம்தான் ஞாபகம் வரும். அதான் பேசறதை விட்டேன்."

"எங்க அப்பா என்கிட்டகூடச் சொல்லலையே!" என்றான் எமெட். "சாகற வரைக்கும்!"

"அப்போ அந்த வேலித் தகராறு?" என்றாள் ரக்னா.

"வேலி நல்லாத்தான் இருந்துச்சு."

"முப்பத்தெட்டு வருஷமா நான் இவங்க வீட்டுப் பொம்பளைங்களைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறேன்! கடையில, சர்ச்சுல, கல்யாணத்துல! ஒரு நல்ல வேலிக்காகவா?"

லவோன்தான் முதலில் சிரித்தாள். ரக்னா கோபமாக இருக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. ஹால்வர் சிரிக்கவில்லை. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழ முயன்றார். எமெட் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த பிறகும் ஒரு கணம் அந்தக் கையை விடவில்லை.

நாலு மணிக்குப் பானெட் ஆறியிருந்தது. நடந்தது எதுவாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான். எமெட் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரு உறுமலோடு பிடித்துக்கொண்டது. ஹால்வர் வலது முன்சக்கரத்தருகே குனிந்து காதைக் கொடுத்தார். டிக், டிக், டிக்.

"ரெண்டு போல்ட்," என்றார்.

"மூணுங்க," என்றான் எமெட். "பின்னால ஒண்ணு மறைஞ்சிருக்கு. அதைத்தான் நேத்து போன்ல சொல்ல வந்தேன். அதுக்காக முந்நூறு குறைச்சுக்கறதாவும் சொல்ல வந்தேன்."

"மூணா?" ஹால்வர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். முகம் சிவந்திருந்தது, குனிந்ததாலா வேறு எதனாலா என்று ரக்னாவால் சொல்ல முடியவில்லை. "எனக்குக் காது மட்டாயிட்டு வருது. இனிமே போன்ல நீ சொல்றதையும் கேட்டுக்கறேன்."

அவர் அறிந்த மன்னிப்பு அவ்வளவுதான். புரூயிட் வீட்டாருக்கு அது போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்கக் குதிரைகளைக் குளிப்பாட்டவும் பிடரியில் நாடா பின்னவும் போயிற்று. ட்ரெய்லரைத் தேய்க்க நேரமில்லை. சனிக்கிழமை காலை சிவப்பு டிரக் ஆறு டன்னை இழுத்துக்கொண்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்காமல், டிக் டிக் என்ற சத்தம் இரண்டாவது மைலில் அடங்க, திருவிழாத் திடலுக்குள் நுழைந்தது. ஓட்டியவள் ரக்னா. அண்ணனே சாவியைக் கொடுத்திருந்தார்.

ஊர்வலத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த செயலாளர் ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அச்சு வரை களிமண் சிமெண்டாக இறுகியிருந்தது. அவருக்கு அதைவிடப் பெரிய விருந்து அந்த வருடம் கிடைத்திருக்காது.

"ஹால்வர்!" என்று பத்துப் பேர் திரும்பிப் பார்க்கும்படி கூவினார். "என்னய்யா இது? பிரெக்கே வீட்டு ட்ரெய்லர் பள்ளத்துல இறங்கிருச்சா? யாருய்யா அந்தப் புண்ணியவான்?"

ரக்னா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹால்வர் கதவைத் திறந்து இறங்கினார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், முதுகை நிமிர்த்தினார்.

"நான்தான்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "புரூயிட் வீட்டுத் திருப்பத்துல. இழுத்துவிட்டது புரூயிட் வீட்டு ஆளு. நல்ல மனுஷன். வண்டியும் அவங்ககிட்ட வாங்கினதுதான். குதிரையை இறக்கணும், வழி விடு."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வருடத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.