பிறவுனியின் கடைவாய்ப்பல்

மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்த சோற்றைப் பிறவுனி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது. பூரணி நாயைப் பிடித்து மேலுதட்டை மெல்லத் தூக்கினாள். கடைவாய்ப்பல் பாதியாக உடைந்திருந்தது. உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாய் ஒரு புள்ளி. கடற்கரைக்குக் கூட்டிப்போனால் முருகைக்கல்லைக் கடித்துக் கடித்து விளையாடும். அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

"அப்பா, டொக்டரிட்டக் கொண்டுபோவம்."

அருளம்பலம் கதிரையைவிட்டு அசையவில்லை. "குளிசை வாங்கிக் குடு. மயக்க மருந்து ஏத்துற கதை மட்டும் வேண்டாம்."

மாசி மாதம் பித்தப்பையில் கல்லெடுக்கப் போன அம்மா மயக்கத்திலிருந்து எழும்பவேயில்லை. ஒப்பரேசன் செய்யலாமா என்று கேட்டபோது அப்பா வாயடைத்து நின்றார். ஓம் என்று சொன்னவள் பூரணி. யாருடைய பிழையுமில்லை, இதயம் தாங்கவில்லை என்றார்கள். அதன்பிறகு அப்பா அந்த நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

உட்துறைமுக வீதியில் பஹ்மி டொக்டர் தன் வீட்டிலேயே மிருக வைத்தியம் பார்த்து வந்தார். அவர் தந்த குளிசைகளில் இரண்டு நாள் நாய் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாம் நாள் காலை கண்ணுக்குக் கீழே வீங்கி, அது உடைந்து, சீழ் வழிந்தது. துடைக்கப் போன அருளம்பலத்தின் கையைப் பிறவுனி கவ்வப் பார்த்தது. ஒரு நாளும் அவரைப் பார்த்து உறுமாத நாய்.

அருளம்பலமே போய் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தார்.

டொக்டர் பல்லைப் பார்த்தார், பிறகு நெஞ்சில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"பல்லைக் காப்பாத்துறதெண்டா வேர் வைத்தியம் செய்யணும். அதுக்குக் கொழும்புக்குத்தான் போகணும். ஆனா இவ்வளவு சீழ் கட்டின பிறகு அந்தப் பல்லு நிக்குமெண்டு நான் நினைக்கல்ல. கழட்டுறதுதான் நல்லம்."

"கழட்டாம விட்டா?" என்றார் அருளம்பலம்.

"குளிசையில அமரும், நிப்பாட்டினா திரும்ப வரும். தாடை எலும்புக்குப் போகும். வலி நிக்காது ஐயா."

"மயக்காமச் செய்ய ஏலாதோ?"

"ஏலாது ஐயா. மூண்டு வேர் உள்ள பல்லு." டொக்டர் சற்றுத் தயங்கினார். "இன்னொண்டு. வயசான நாய், இதயத்தில சின்ன இரைச்சலொண்டு கேக்குது. கவனமாத்தான் செய்வன். ஆனா ஒண்டும் நடக்காதெண்டு சத்தியம் பண்ண மாட்டன்."

மேசையில் கிடந்த பிறவுனி பூரணியின் கைக்குள் முகத்தைப் புதைத்தது. சூடான மூச்சில் சீழ் நாற்றம் அடித்தது. டொக்டர் அவளைப் பார்த்தார். அம்மாவின் டொக்டர்மாரும் அன்று இப்படித்தான் அவளைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டிய சொல் அவளுக்குத் தெரிந்துதானிருந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளையைக் கேக்காதேங்கோ," என்றார் அருளம்பலம். "நான் சொல்லுறன். கழட்டுங்கோ."

"அப்பா, நீங்கள் வேண்டாமெண்டு..."

"அண்டைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை உன்னைச் சொல்ல வச்சிட்டன். பிறகு நீ சாப்பிடாமத் திரிஞ்சதை நான் பாத்தனான். இன்னொருக்கா உன்ர தலையில போட ஏலாது." அவர் நாயின் காதைத் தடவினார். "என்ன நடந்தாலும் இது நான் சொன்னது."

டொக்டர் ஊசி போட்டார். பிறவுனியின் கால்கள் தளர்ந்தன. கதவு சாத்தப்பட்டது.

வெளியே வாங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. உள்ளே ஏதோ உலோகம் தட்டில் விழுந்தது. ஒருதரம் டொக்டர் யாரிடமோ அவசரமாக ஏதோ சொல்வது கேட்டது. பூரணி எழுந்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினார். பிடியை விடவில்லை.

கதவு திறந்தபோது டொக்டரின் நெற்றி வேர்த்திருந்தது. "நடுவில இதயத் துடிப்புக் கொஞ்சம் இறங்கிச்சு. மருந்து குடுத்துச் சரியாக்கிட்டன். இப்ப முழிக்கப் பாக்குது, வாங்க."

பிறவுனி நாக்கைத் தொங்கவிட்டபடி கிடந்தது. அருளம்பலம் குனிந்து பெயரைச் சொன்னார். ஒன்றுமில்லை. மறுபடி சொன்னார். வால் நுனி மேசையில் ஒருதரம் தட்டியது. பிறகு கண் திறந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நாய் அவர் மடியில் கிடந்தது. ஓட்டோ கடலோரமாகத் திரும்பியது. வெளியே பார்த்தபடியே அவர் கேட்டார், "அம்மா உள்ளுக்குப் போகேக்க உன்னட்ட என்னவோ சொன்னவ. என்ன சொன்னவ?"

பூரணி இத்தனை மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள்.

"அப்பா பசி தாங்கமாட்டார், கன்ரீனில சாப்பிட வையெண்டு சொன்னவ."

அருளம்பலம் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "வேற என்ன சொன்னவ?" என்றார்.

அவள் சொல்லத் தொடங்கினாள்.