கழுவிய கை

ஆன்சியின் ரத்தத்தில் காரீயம் இருக்கிறது, கையில் இல்லை. ஆய்வுக்கு வரும் ஹெப்சிபா பரிசோதனை முடிவுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆன்சியின் அம்மா பிலோமியிடம் இதைச் சொன்னாள்.

"கையில இல்லன்னா குடோன் மேல தப்பில்லன்னு ஆயிடும்க்கா. உங்க வீட்டுப் பாத்திரம், சாப்பாடுன்னு எழுதிடுவாங்க."

திருவொற்றியூரில் அந்தச் சந்து போய் முட்டுவதே பழைய பேட்டரியை உடைத்துக் காரீயம் எடுக்கிற குடோனில்தான். அதன் இரும்பு கேட்தான் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், ஸ்டம்பு எல்லாம். நாலு வயது ஆன்சி அதில் தொங்கிவிட்டு வந்து அப்படியே விரலைச் சூப்புவாள். ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். போன மாதம் ஹெப்சிபாவின் ஆட்கள் வந்து பிள்ளைகளின் ரத்தம் எடுத்து, உள்ளங்கையையும் ஈரத்துணியால் துடைத்து எடுத்துப் போனார்களே, பிறகு எப்படி இல்லாமல் போகும்?

பிலோமிக்குச் சட்டென்று உறைத்தது. பாழாய்ப்போன புத்தி!

"நான்தாம்மா கழுவி வுட்டேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி."

"எதுக்குக்கா?"

"படிச்சவங்க வராங்களே, புள்ள கலீஜா கீதுன்னு நெனச்சிக்குவாங்களேன்னுதான். சோப்பு போட்டு, பவுடர் பூசி, கிறிஸ்மஸ் கவுன மாட்டி வுட்டேன். நான் மட்டுமா? சந்துல அத்தினி பேரும் கழுவினோம்."

வருகிறவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைகிற சந்து. பிள்ளையாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தது ஒரு குற்றமா?

ஹெப்சிபா காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "இன்னிக்கே மறுபடி எடுக்கலாம்க்கா. ஆனா பாப்பா எப்பவும் போல விளையாடணும். எதையெதைத் தொடுறா, எத்தனை தடவ வாயில வெக்கிறான்னு ஒரு மணி நேரம் எண்ணுவேன். கடைசியிலதான் கையத் துடைப்பேன்."

"வாயில வெச்சா?"

"நாம தடுக்கக் கூடாதுக்கா. தடுத்தா கணக்கு திரும்பவும் தப்பாயிடும்."

"இன்னாம்மா பேசுற? பெத்தவ நான் பாத்துகினு நிக்கணுமா?"

ஹெப்சிபா பையிலிருந்து எண்ணும் கருவியை எடுத்தாள். தான் இறால் உரிக்கப் போகிற நாளெல்லாம் பிள்ளையை யார் தடுத்தார்கள் என்று பிலோமி யோசித்தாள். ஒரு மணி நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டால் குடோன்காரன் தப்ப முடியாது.

"சரி, எண்ணு."

ஆன்சி கேட்டில் ஏறினாள். ஹெப்சிபாவின் கையிலிருந்த எண்ணும் கருவி 'டிக்' என்றது. சுவர், மண், டயர், மறுபடி கேட். டிக், டிக், டிக். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உள்ளங்கை கரிச்சட்டியைத் தேய்த்தது போல ஆகிவிட்டது. மூச்சிரைக்க ஓடிவந்து அம்மாவுக்கு எதிரே நின்று இரண்டு விரலை வாயில் வைத்தாள்.

'ச்சீ, எட்றீ' என்று தொண்டை வரை வந்ததை பிலோமி முந்தானையைக் கடித்து அடக்கினாள்.

எப்போதும் விழுகிற அதட்டலுக்காக ஆன்சி கண்ணை இடுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அது வரவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக, மற்ற விரல்களையும் உள்ளே திணித்துக்கொண்டாள்.

டிக்.